கொடியோடிய தேசங்கள் – 17: பெயரைக் காத்த குன்று

போன வாரம் 1907 ஜூன் 9 அன்று மோன்பெலியே நகரத் தெருக்களில் நின்றிருந்தோம். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட திராட்சை விவசாயிகளும் கூலிகளும் ஊர் ஊராகப் பதாகை பிடித்து வந்து குவிந்த நாள் அது. சர்க்கரைத் தண்ணீரைப் புளிக்க வைத்து ஒயின் என்று விற்றவர்களால் வயிற்றில் அடி வாங்கிய கூட்டம் அது. அந்த மாதம் முடிவதற்குள் கலப்படத்துக்கு எதிரான சட்டத்தை பிரெஞ்சு அரசு நிறைவேற்றியது.

சர்க்கரை கலந்தவனைப் பிடிக்க இப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது. ஆனால் இன்னொரு திருட்டு பாக்கி இருந்தது. ஒயின் சுத்தமான திராட்சையில் செய்ததுதான். பீப்பாயின் மேல் எழுதிய ஊர்ப் பெயர் மட்டும் பொய். ஏதோ ஒரு சமவெளியில் மலிவாக விளைந்ததை, பேர் பெற்ற ஊரின் சரக்கு என்று விற்றுவிட்டுப் போனார்கள். பொருளைத் திருடினால் போலீசுக்குப் போகலாம். பெயரைத் திருடினால் எங்கே போவது?

அந்தக் கேள்விக்கு முதலில் விடை கண்ட ஊர்களில் முன்வரிசையில் நிற்கும் ஊருக்கு இந்த வாரம் போகிறோம். தெற்கு பிரான்சில், ரோன் ஆற்றின் கிழக்குக் கரையில், அவிஞ்ஞோன் நகருக்கு வடக்கே இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் சின்னஞ்சிறு குன்றூர். பெயர் ஷாட்டோநெஃப்-டு-பாப். ‘திருத்தந்தையின் புதுக் கோட்டை’ என்று பொருள். அடர் சிவப்பு, நாக்கில் கனம், தொண்டையில் சூடு, மூக்கில் காட்டு மூலிகை வாசம் என்று உலகம் முழுக்க அறியப்பட்ட செவ்வொயின் விளையும் இடம்.

காற்றின் ராஜ்ஜியம்

இந்த ஊரைப் பற்றிப் பேசுபவர்கள் மண்ணுக்கும் முன்னால் காற்றைச் சொல்வார்கள்.

மிஸ்ட்ரல் என்பது அந்தக் காற்றின் பெயர். ‘எஜமானன்’ என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பிஸ்கே வளைகுடாப் பக்கம் காற்றழுத்தம் உயர்ந்து, இத்தாலியின் ஜெனோவா வளைகுடாப் பக்கம் தாழ்ந்து நிற்கும்போது, வடக்கிலிருந்து குளிர்ந்த உலர்காற்று கடலை நோக்கி ஓடத் தொடங்குகிறது. மேற்கே நடுப் பிரான்சின் மேட்டு நிலம், கிழக்கே ஆல்ப்ஸ் மலை. இரண்டுக்கும் நடுவே ரோன் பள்ளத்தாக்கு என்ற ஒரே சந்து. அந்தச் சந்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வரும் காற்று மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. தொடங்கினால் மூன்று நாள், இல்லையென்றால் ஆறு, அதுவும் இல்லையென்றால் ஒன்பது என்று மூன்றின் மடங்கில் அடிக்கும் என்பது ஊர்க்கணக்கு.

வீடு கட்டுவதிலிருந்து மரம் வைப்பதுவரை எல்லாமே இந்தக் காற்றைக் கேட்டுத்தான் நடந்திருக்கிறது. பழைய பண்ணை வீடுகள் தெற்குப் பார்த்து வாசல் வைத்தவை. வடக்குச் சுவரில் ஜன்னலே இருக்காது, இருந்தாலும் ஒரு பொந்தளவுதான். வயல் ஓரங்களில் சைப்ரஸ் மரங்களை நெருக்கி நட்டு உயிர்ச்சுவர் எழுப்பியிருப்பார்கள். மாதா கோயில் மணிக்கூண்டுகளின் உச்சியில் கல் கோபுரத்துக்குப் பதிலாக இரும்புக் கம்பிகளால் பின்னிய கூடு நிற்கும். காற்று கம்பிகளுக்கு இடையே புகுந்து போய்விடும். மணி மட்டும் அசையும். சற்றுத் தெற்கே ஆர்ல் நகரில் 1888-இல் தங்கி வரைந்த வான்கோ, வயல்வெளியில் தன் படச்சட்டத் தாங்கியைத் தரையில் முளையடித்துக் கட்டிக்கொண்டுதான் வரைய முடிந்தது.

கொடிக்கு இந்தக் காற்று செய்யும் கெடுதலும் உண்டு, நன்மையும் உண்டு. வசந்தத்தில் நீண்டு வரும் இளங்கொழுந்தை முறித்துப் போடும். ஆனால் அறுவடைக்கு முன்னால் மழை பெய்து குலைகள் நனைந்து கிடக்கும் நாளில், அதே காற்று ஒரே நாளில் துடைத்து உலர்த்திவிடும். அழுகலும் பூஞ்சணமும் பிடிக்க ஈரம் வேண்டும். அந்த ஈரத்தைக் காற்று விட்டுவைப்பதில்லை. மேகத்தையும் விரட்டிவிடுவதால் வெயிலுக்கும் குறைவில்லை. பழத்தின் தோல் தடிக்கிறது, நீர் சுண்டுகிறது, சர்க்கரை ஏறுகிறது. இங்கே விளையும் ஒயினின் கனமும் சூடும் இப்படித்தான் பழத்துக்குள் வந்து சேர்கின்றன.

எந்தக் கொடி இங்கே நிற்கும் என்பதையும் காற்றே தீர்மானித்தது. இந்தக் குன்றின் பெரும்பகுதியை ஆள்வது கிரெனாஷ் என்ற ரகம். தண்டு உறுதி, கிளைகள் விறைப்பாக மேல்நோக்கி எழும், வறட்சியைத் தாங்கும். கம்பம் பள்ளத்தாக்கில் தலைக்கு மேல் விரிந்த திராட்சைப் பந்தலைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு இங்குள்ள தோட்டம் விசித்திரமாகத் தெரியும். பந்தல் இல்லை, கம்பி இல்லை. முழங்கால் உயரத்துக்குக் குட்டையாகக் கவாத்து செய்த முண்டு, அதிலிருந்து கிண்ணம் போல் சுற்றிலும் எழும் நாலைந்து கைகள். எழுபது, எண்பது ஆண்டு ஆன கொடியானால் தண்டு முறுக்கிக் கறுத்து, வேலை செய்து தேய்ந்த கிழவரின் முன்கை மாதிரி இருக்கும். காற்றுக்குப் பிடி கொடுக்காமல் தரையோடு தரையாகத் தங்கி வாழும் வடிவம் அது. சிரா என்ற ரகத்தின் நீண்ட கொழுந்து மிஸ்ட்ரலில் ஒடிந்துபோகும் என்பதால் அதற்கு மட்டும் கம்பி கட்ட விதி இடம் தருகிறது.

ஆறு விட்டுப்போன கல்

தோட்டத்துக்குள் கால் வைத்தால் மண்ணே தெரியாத இடங்கள் உண்டு. கண்ணுக்கு எட்டிய தூரம் கல்தான். முஷ்டி அளவு, தேங்காய் அளவு, சில இடங்களில் ஒருவர் தலை அளவு. மஞ்சளும் செம்பழுப்புமாக வழவழவென்று உருண்ட படிகக் கற்கள். ஆல்ப்ஸ் மலையிலிருந்து பெயர்ந்ததை ரோன் ஆறு யுகயுகமாக உருட்டித் தேய்த்து, பிறகு தன் போக்கை மாற்றிக்கொண்டு மேட்டில் விட்டுவிட்டுப் போனது.

ஆகஸ்ட் மாதத்து மாலையில் வெயில் சாய்ந்து வெகு நேரம் கழித்து அந்தக் கல் ஒன்றைக் கையில் எடுத்தால், அடுப்பிலிருந்து இறக்கி வைத்த மண்சட்டி போல் கதகதப்பு இருக்கும். பகலில் வாங்கிய சூட்டை இரவில் குலைகளுக்குத் திருப்பிக் கொடுக்கிறது என்பது அந்த ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்வது. அதைவிடப் பெரிய உபகாரம் அடியில் நடக்கிறது. கல்லைப் புரட்டினால் கீழே செங்களிமண். மேலே கல் போர்வை இருப்பதால் வெயிலும் காற்றும் அந்தக் களியின் ஈரத்தை உறிஞ்சிவிட முடிவதில்லை. கோடை முழுக்க ஒரு மழை பெய்யாவிட்டாலும் வேர் ஆழத்துக்குப் போய்த் தண்ணீரைத் தேடிக்கொள்கிறது.

எல்லா இடமும் கல் என்று நினைத்துவிடக் கூடாது. சுண்ணாம்புப் பாறை உண்டு, மணலும் உண்டு. இந்த ஊரின் மிகப் புகழ்பெற்ற தோட்டங்களில் ஒன்றான ஷாட்டோ ரயாஸ் மணலில்தான் நிற்கிறது. கல் பூமியின் ஒயின் தோள் அகன்றது என்றால், மணல் பூமியின் ஒயின் மெல்லிய குரலில் பேசுவது. இரண்டையும் கலப்பதும் கலக்காமல் விடுவதும் அவரவர் கைப்பக்குவம்.

திருத்தந்தையர் வந்த காலம்

1305-இல் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்தாம் கிளமெண்ட் ஒரு பிரெஞ்சுக்காரர். அதற்கு முன் போர்தோ நகரின் பேராயர். ரோமின் அரசியல் சண்டைகளுக்குள் போக விரும்பாமல் 1309-இல் அவிஞ்ஞோனில் வந்து தங்கினார். தற்காலிகமாக வந்த தங்கல், ஏழு திருத்தந்தையர் காலத்துக்கு நீண்டது. 1377-இல் பதினொன்றாம் கிரகோரி ரோமுக்குத் திரும்பும் வரை, மேற்கு ஐரோப்பியக் கிறிஸ்தவத்தின் தலைநகரம் ரோன் கரையில்தான் இருந்தது.

நம் கதைக்கு வேண்டியவர் இரண்டாவதாக வந்தவர், இருபத்திரண்டாம் யோவான். 1316-இல் பொறுப்பேற்றவர். ஏற்கனவே அவிஞ்ஞோனின் ஆயராக இருந்தவர் என்பதால் சுற்றுவட்டாரம் அவருக்கு அத்துப்படி. வடக்கே இருந்த குன்றில் 1317-இல் கோட்டை கட்டத் தொடங்கினார். 1333-இல் வேலை முடிந்தது. ஆற்றையும் பாதையையும் கண்காணிக்கக் காவல் அரண், கோடைக்குத் தங்கும் மாளிகை என இரண்டுக்கும் ஆயிற்று. அப்போது அந்த ஊருக்கு ஷாட்டோநெஃப்-கால்செர்னியே என்று பெயர். சுண்ணாம்புக் காளவாய்களை வைத்துப் பிழைத்த ஊர் என்பதை அந்தப் பின்னொட்டு சொல்லும்.

திராட்சையை இங்கே கொண்டுவந்தவர்கள் திருத்தந்தையர்தான் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். உண்மை அப்படி இல்லை. 12-ஆம் நூற்றாண்டிலேயே அவிஞ்ஞோன் ஆயருக்கு இங்கே தோட்டம் இருந்தது. யோவானின் காலத்தில் தோட்டம் பெருகியது, கோட்டையின் தயவில் மதிப்பும் கூடியது என்பது வரைக்கும் சரி. ஆனால் அரண்மனையின் பெரிய விருந்துகளில் செல்வாக்குப் பெற்றிருந்தது வடக்கே பர்கண்டியிலிருந்து படகில் வந்த போன் நகரத்து ஒயின். கவிஞர் பெத்ரார்க், திருத்தந்தை ஐந்தாம் உர்பானுக்கு எழுதிய கடிதத்தில், கர்தினால்கள் ரோமுக்குத் திரும்பத் தயங்குவதற்குக் காரணமே அங்கே போன் ஒயின் கிடைக்காது என்பதுதான் என்று கடிந்துகொண்டார்.

ஆக, இந்தக் குன்றின் ஒயினுக்குத் திருத்தந்தையரின் பெயர் கிடைத்தது. அந்தப் பெயருக்கு ஏற்ற மதிப்பு உடனே கிடைத்துவிடவில்லை. ‘டு-பாப்’ என்ற பின்னொட்டை ஊர் அதிகாரபூர்வமாகச் சூடிக்கொண்டதே 1893-இல்தான். கோட்டை முடிந்து 560 ஆண்டு கழித்து! நடுவில் நெடுங்காலம் இங்கே விளைந்தது பீப்பாய் பீப்பாயாக வடக்கே போனது. பர்கண்டியில் வெயில் குறைந்த ஆண்டுகளில் ஒயின் நீர்த்துப்போகும். அதில் இந்தக் குன்றின் சூடான, கனத்த ஒயினைக் கலந்து உடம்பு தேற்றுவார்கள். ‘மருந்து ஒயின்’ என்றே அந்தத் தொழிலில் பெயர். இன்னொருவன் பெயருக்குப் பலம் ஊட்டி, தன் பெயரில்லாமல் வாழ்ந்த காலம் அது.

எதிர்க்கரையின் முத்திரை, எதிர்க்கரையின் பூச்சி

ஆற்றின் மறுகரையில் ரொக்மோர் என்ற துறைமுக ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சு மன்னரின் மண். இந்தப் பக்கம், 1791 வரை, திருத்தந்தையின் ஆட்சிநிலம். அந்தப் பக்கத்து ஊர்களின் ஒயினை வெளியாள் சரக்கோடு கலந்து விற்கிறார்கள் என்ற புகார் அன்றைக்கே உண்டு. 1737-இல் அரச ஆணை ஒன்று வந்தது: ரொக்மோர் வட்டாரத்திலிருந்து ஏற்றும் ஒவ்வொரு பீப்பாயின் அடித்தட்டிலும் ரோன் கரையைக் குறிக்கும் மூன்று எழுத்துகளைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட வேண்டும், விளைந்த ஆண்டையும் பொறிக்க வேண்டும். பெயரைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த ஆற்றங்கரைக்குப் புதிதல்ல என்பதற்கு அந்தச் சூட்டுத் தழும்பு சாட்சி.

அதே ரொக்மோரிலிருந்துதான் பேரழிவும் வந்தது. 1862-இல் போர்த்தி என்ற ஒயின் வணிகர், அமெரிக்காவிலிருந்து ஒரு நண்பர் அனுப்பிய கொடிகளைத் தன் வீட்டுத் தோட்டத்தில் நட்டார். அடுத்த ஆண்டே அக்கம்பக்கத்துக் கொடிகள் காரணம் தெரியாமல் வாடின. இலை மஞ்சளாகி, சிவந்து, உதிர்ந்தது. மூன்றாம் ஆண்டில் கொடி செத்தது. செத்த கொடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்திருக்கும். பூச்சி எதுவும் தென்படாது.

1868 ஜூலை 15 அன்று மோன்பெலியேயின் தாவரவியல் பேராசிரியர் ஜூல்-எமில் பிளான்ஷோன், கஸ்தோன் பசீல், ஃபெலிக்ஸ் சாஹூ ஆகிய மூவரும் செயிண்ட்-ரெமி அருகே ஒரு தோட்டத்தில் இறங்கினார்கள். இந்த முறை சாகாத கொடியைத் தோண்டினார்கள். பார்வைக்கு நோயே இல்லாத கொடியின் வேரில், உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே, மஞ்சள் பொட்டு பொட்டாக ஆயிரக்கணக்கான பேன்கள் அப்பிக் கிடந்தன. கொடி செத்ததும் அவை அடுத்த வேருக்கு நகர்ந்துவிடுகின்றன. அதனால்தான் செத்த வேரில் யாருக்கும் அகப்படவில்லை. ஃபிலோக்செரா என்று பெயர் பெற்ற அந்தப் பூச்சி ஆற்றைத் தாண்டி வந்து ஷாட்டோநெஃப் குன்றையும் மொட்டையடித்தது.

பூச்சி வந்த நாட்டிலிருந்தே மருந்தும் வந்தது. அமெரிக்கக் கொடியின் வேர் அந்தப் பேனைத் தாங்கிப் பழகியது. அந்த வேரின் மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டினால் கீழே அமெரிக்கப் பலம், மேலே பிரெஞ்சுப் பழம். ஒவ்வொரு கொடியாக, கத்தியால் சீவி, நாக்குப் போல் வெட்டி, ஒன்றோடொன்று செருகிக் கட்டிய கைவேலையால்தான் இன்றைய பிரான்சின் தோட்டங்கள் நிற்கின்றன.

மறுநடவு என்று வந்தபோது, எதை நடுவது என்ற கேள்வியும் வந்தது. லா நெர்த் என்ற பண்ணையை 1877-இல் வாங்கிய ஜோசஃப் டியூகோ என்ற முன்னாள் இராணுவ அதிகாரி இதில் பெரும் பொறுமைசாலி. பத்து ரகங்களைத் தேர்ந்து நட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை பிரித்துக் கொடுத்தார். சூட்டுக்கும் குழைவுக்கும் கிரெனாஷ், சின்சோ. நிறத்துக்கும் உறுதிக்கும் நாள்பட நிற்பதற்கும் மூர்வெத்ர், சிரா, முஸ்கார்தன், வக்கரேஸ். புத்துணர்ச்சிக்கும் வாசனைக்கும் கூனுவாஸ், பிக்பூல். நயத்துக்கு வெள்ளை ரகங்களான கிளெரெத், பூர்புலான். சாம்பாருக்கு எந்தப் பருப்பு, எந்தப் புளி, எத்தனை மிளகாய் என்று கைக்கணக்கு வைத்திருக்கும் பாட்டியின் நிதானம் அதில் இருக்கிறது. இந்த ஊர் ஒயினில் பதின்மூன்று ரகம் கலக்கலாம் என்று இன்றும் பேசப்படுவதன் வேர் அந்தத் தோட்டத்தில்தான்.

தன்னையே முதலில் கட்டிக்கொண்டவர்கள்

முதல் உலகப் போர் முடிந்தது. குன்றில் கொடி மீண்டும் தழைத்திருந்தது, ஊர்ப் பெயரும் சந்தையில் ஏறியிருந்தது. பெயர் ஏறினால் போலியும் ஏறும். பக்கத்துச் சமவெளியில் விளைந்ததும், எங்கிருந்தோ கப்பலில் வந்ததும் ஷாட்டோநெஃப் என்ற பட்டை ஒட்டிக்கொண்டு விற்பனைக்குப் போயின. உண்மையாகக் கல்லில் நட்டு, காற்றில் காத்து, குறைவாக விளைவித்தவனுக்கு விலை படியவில்லை.

1923-இல் ஊர் விவசாயிகள் ஒருவரைத் தேடிப் போனார்கள். பரோன் பியேர் லெ ருவா தெ புவாசோமாரியே. 1890-இல் பிறந்தவர், மோன்பெலியேயில் சட்டம் படித்தவர், போரில் விமானியாகப் பறந்தவர். ஷாட்டோ ஃபோர்தியா பண்ணைக் குடும்பத்துப் பெண்ணை மணந்து இந்த ஊர் மருமகனானவர். சட்டம் தெரிந்த மனிதர், எங்களுக்காகக் கோர்ட்டுக்குப் போங்கள் என்பது அவர்கள் வேண்டுகோள்.

அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: ஊரான் திருட்டைப் பிடிப்பதற்கு முன் நம் வீட்டை நாம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், நேர்மையிலும் கட்டுப்பாட்டிலும் நீங்களே முன்மாதிரி என்றால்தான் நான் வருவேன்.

இந்தத் தொடரில் இதுவரை எத்தனையோ மன்னர்களையும் வணிகர்களையும் பார்த்துவிட்டோம். என்னை மிகவும் தொட்ட இடம் இதுதான். உரிமை கேட்டு வந்தவர்களிடம் முதலில் கடமையைக் கேட்ட மனிதர் அவர். ‘சரி’ என்றார்கள் அந்த விவசாயிகள். அவர் பெருமைக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல அவர்கள் பெருமை.

விவசாயிகள் சங்கம் அமைந்தது. விதிகள் வகுக்கப்பட்டன. எந்த நிலம் இந்தப் பெயருக்கு உரியது? தைமும் லாவெண்டரும் சேர்ந்து வளரும் வறண்ட, மெலிந்த நிலம். வேறு பயிர் செழிக்கும் கொழுத்த வயலுக்கு இடமில்லை. எந்த ரகங்களை நடலாம் என்பதற்குப் பட்டியல். எப்படிக் கவாத்து செய்ய வேண்டும் என்பதற்கு முறை. ஒயினில் இயற்கையாகவே குறைந்தது 12.5 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். சர்க்கரை சேர்த்து ஏற்றக் கூடாது. இளஞ்சிவப்பு ஒயின் இந்தப் பெயரில் கூடாது.

எல்லாவற்றிலும் கடினமான விதி ஒன்று உண்டு. அறுவடையில் குறைந்தது நூற்றுக்கு ஐந்து பங்கைக் கழித்துக்கட்ட வேண்டும். விளைச்சல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இது கட்டாயம். கொத்து கொத்தாகக் கையால் வெட்டும்போதே, காயாக நின்றதையும் வெம்பியதையும் பூச்சி கடித்ததையும் தனிக்கூடையில் போட வேண்டும். அந்தக் கூடையில் விழுந்தது எதற்கும் ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொள்ளும் தகுதி கிடையாது. விவசாயம் செய்தவர்களுக்குத் தெரியும், ஓராண்டு உழைப்பின் பலனிலிருந்து தன் கையாலேயே ஒரு பங்கைத் தள்ளிவைப்பது எத்தனை கனமான காரியம் என்று.

வழக்கு பத்தாண்டு நடந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், மேல்முறையீடு செய்தார்கள். 1933-இல் பிரான்சின் உச்ச நிலை நீதிமன்றம் ஷாட்டோநெஃப்காரர்கள் பக்கம் நின்று எல்லையை உறுதி செய்தது. அதற்குள் அவர்களின் முறை தலைநகரத்தின் கண்ணில் பட்டிருந்தது. 1919-இன் பழைய சட்டம் ஊரின் எல்லையை மட்டும் பார்த்தது. எந்த ரகம், எப்படி விளைந்தது என்று கேட்கவில்லை. வேளாண் அமைச்சராக இருந்த ஜோசஃப் கபூஸ் அந்த ஓட்டையை அடைக்கப் பல காலம் போராடியவர். கபூசின் சட்ட முயற்சியும் பரோனின் குன்று அனுபவமும் கைகோத்தன. 1935 ஜூலை 30-இல் புதிய சட்டம் பிறந்தது. பெயர்களை ஆராய்ந்து காக்க ஒரு தேசியக் குழுவும் அமைந்தது. 1936 மே 15-இல் முதல் பட்டியல் வெளிவந்தது. ஆர்புவா, கசீ, மோன்பசியாக், தவேல், கொன்யாக் ஆகியவற்றோடு ஷாட்டோநெஃப்-டு-பாப்பும் அதில் இருந்தது.

அடுத்த ஆண்டு, 1937-இல், ஊருக்கென்றே ஒரு புட்டியை வடித்தார்கள். கண்ணாடியின் தோளில் திருத்தந்தையின் மணிமுடியும் திறவுகோல்களும் புடைத்து நிற்கும். ஒட்டிய காகிதத்தை உரித்துவிடலாம். கண்ணாடியோடு வார்த்த முத்திரையை என்ன செய்ய முடியும்? ரொக்மோரில் பீப்பாயில் சுட்ட எழுத்து ஞாபகம் வருகிறதல்லவா? இருநூறு ஆண்டு கழித்து அதே எண்ணம் கண்ணாடியில் வந்தது.

பரோன் லெ ருவா 1947 முதல் 1967-இல் மறையும் வரை அந்தத் தேசிய அமைப்புக்குத் தலைமை தாங்கினார். அவர் உயிரோடு இருக்கும்போதே பக்கத்து ஊரான சேந்த்-செசில்-லெ-வீஞ் அவருக்குச் சிலை வைத்தது.

பாதிக் கோபுரம்

இன்று குன்றின் உச்சிக்கு ஏறினால் யோவானின் கோட்டையில் ஒரு பக்கச் சுவர் மட்டும் வானத்தில் தனியாக நிற்கும். மதப் போர்களில் எரிந்தது, பிறகு ஊரார் கல்லைப் பெயர்த்து வீடு கட்டிக்கொண்டது போக, உயர்ந்த கோபுரம் ஒன்று எஞ்சியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை அதைக் கண்காணிப்பு மேடையாக வைத்திருந்தது. 1944 ஆகஸ்டில் பின்வாங்கும்போது வெடி வைத்தது. வடபாதி சரிந்தது, தென்பாதி நின்றுவிட்டது. அந்தச் சுவரின் நிழலில் நின்றால் கீழே கல் தோட்டங்கள், மேற்கே ஆற்றின் வளைவு, கிழக்கே 1,900 மீட்டருக்கு மேல் உயர்ந்த வெந்தூ மலை. 1336-இல் பெத்ரார்க் ஏறிய மலை அது.

போருக்குப் பின் தன் எல்லையின் மேல் ஊர் எத்தனை உரிமை பாராட்டியது என்பதற்கு ஒரு சம்பவம். 1954 இலையுதிர் காலத்தில் பிரான்ஸ் முழுக்கப் பறக்கும் தட்டுப் பேச்சாக இருந்தது. அந்த அக்டோபரில் மேயர் லூசியன் ஜூன், ஷாட்டோநெஃப் எல்லைக்குள் பறக்கும் தட்டுகள் பறக்கவும் இறங்கவும் தடை என்று ஆணையே போட்டார். பத்திரிகைகள் உலகெங்கும் எழுதின, ஊர்ப் பெயரும் உலகெங்கும் போனது. அந்த ஆணை இன்றுவரை விலக்கப்படவில்லை.

இன்றைக்குத் தோட்டம் ஏறத்தாழ 3,200 ஹெக்டேர். நம் கணக்கில் 8,000 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. ஒரு ஹெக்டேருக்கு 3,500 லிட்டர் என்பதுதான் விதி அனுமதிக்கும் அடிப்படை விளைச்சல். இயந்திர அறுவடை கிடையாது. இன்றும் கை, கத்திரி, கூடைதான். இப்போது வந்திருக்கும் சோதனை வேறு. பூமி சூடாகிறது, பழத்தில் சர்க்கரை முன்னைவிட வேகமாக ஏறுகிறது, ஒயினில் ஆல்கஹால் 15 சதவீதத்தைத் தொடுகிறது. கிரெனாஷை மட்டும் நம்ப முடியாத நிலையில், டியூகோ நட்டுவைத்த மூர்வெத்ரையும் கூனுவாசையும் பேரப்பிள்ளைகள் மறுபடி தேடிப் போகிறார்கள். அவருடைய பல ரகத் தோட்டம் இன்றைய வெயிலுக்கு ஒரு காப்பீடாக ஆகியிருக்கிறது.

நம் வீட்டு வாசல் வரை

இந்தக் குன்றின் கதை நம் ஊர் வரை வந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. பிரான்சில் உருவான முறை 1958-இன் லிஸ்பன் ஒப்பந்தத்துக்கு வழிகாட்டியது. அங்கிருந்து உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கைக்குள் போனது. அந்த உடன்படிக்கைக்கு ஏற்ப இந்தியா 1999-இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றியது. மதுரை மல்லி 2013-இலும், பழனி பஞ்சாமிர்தம் 2019-இலும், கம்பம் பன்னீர் திராட்சை 2023-இலும் அந்தக் குறியீட்டைப் பெற்றபோது, அந்தச் சான்றிதழின் பூர்வீகத்தில் மிஸ்ட்ரல் அடிக்கும் ஒரு கல் தோட்டமும் இருந்தது.

சான்றிதழ் கிடைத்த நாளில் நாம் பட்டாசு வெடிக்கிறோம், வெடிக்கத்தான் வேண்டும். ஆனால் ஷாட்டோநெஃப் விவசாயிகளின் வரிசை வேறு. 1923-இல் தங்களுக்கு விதி போட்டுக்கொண்டார்கள், பத்தாண்டு கழித்து 1933-இல் தீர்ப்பு வாங்கினார்கள், அதன் பிறகே 1936-இல் அரசின் முத்திரை வந்தது. முத்திரை வரும் முன்பே பல அறுவடைகளில் அந்தத் தனிக்கூடை நிரம்பியிருந்தது.

செப்டம்பரில் அந்தக் குன்றில் இன்றும் அறுவடை நடக்கும். வெட்டுபவர் ஒரு குலையைக் கையில் ஏந்தித் திருப்பிப் பார்ப்பார். பின்பக்கம் நாலைந்து மணி வெம்பியிருக்கும். பக்கத்தில் யாரும் இல்லை; நல்ல கூடையில் போட்டாலும் கேட்பாரில்லை. அவர் கை தனிக்கூடைப் பக்கம் போகிறது. ஷாட்டோநெஃப்-டு-பாப் என்ற பெயர் அந்த ஒரு நொடியில்தான் காப்பாற்றப்படுகிறது.

அடுத்த வாரம் போர்த்துகல். 1936-க்கு 180 ஆண்டுகளுக்கு முன்பே, தோரோ ஆற்றங்கரையில் கல் தூண்களை நட்டு ஒயினுக்கு எல்லை போட்ட போம்பல் பிரபுவின் கதை.

(தொடரும்)